நம் ஆசிரியர்களுக்கு ஒரு மாநாடு

"காலேஜ் ஹிஸ்டரி பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுப்பா. பழைய சமாசாரம் எல்லாம் தேடிப் படிக்கிற ஆள் நீதானே" என்று மலர்க் குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்தார். சீனியர் சொல்லை ஜூனியர் தட்ட முடியுமா? சரி என்று உட்கார்ந்தேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாற்றை வழக்கமாக எப்படிச் சொல்வோம்? 1794-இல் சர்வே பள்ளி. 1859-இல் சிவில் இன்ஜினீயரிங் கல்லூரி. 1861-இல் காலேஜ் ஆஃப் இன்ஜினீயரிங். 1920-இல் கிண்டிக்குக் குடியேற்றம். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். அதோடு நம்மவர்கள் பட்டியலும் வரும்: அணைகளின் கே.எல். ராவ், அமுல் கண்ட வர்கீஸ் குரியன், இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்றை உருவாக்கிய ரங்கசாமி நரசிம்மன், சுழற்பந்து வெங்கட்ராகவன். ஒவ்வொரு ரீயூனியனிலும் இந்தப் பட்டியலை மேடையில் ஒருவர் வாசிப்பார், நாம் கை தட்டுவோம். பெருமைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த வரலாற்றில் வாத்தியார்கள் எங்கே? கட்டடம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, புகழ் பெற்ற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் யார், வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன எழுதினார்கள், எதைக் கண்டுபிடித்தார்கள்? இது மட்டும் யார் நாக்கிலும் வருவதில்லை. ஆகவே இந்த நாலு பக்கத்தை அவர்களுக்குத் தருகிறேன். கடைசியில் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. பொறுமையாகப் படியுங்கள்.

எட்டு மாணவர்களும் ஒரு வானியல் அறிஞரும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் சேரச் சேர, அதை அளக்க ஆள் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து சர்வேயர்களை வரவழைத்தால் செலவு அதிகம். உள்ளூரிலேயே பையன்களைப் பழக்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் மைக்கேல் டாப்பிங். 1794-இல் எட்டே எட்டு மாணவர்களோடு சர்வே பள்ளி தொடங்கியது. இன்று நம் கல்லூரி தன் வயதை எண்ணுவது அந்த ஆண்டிலிருந்துதான். 1796-இல் டாப்பிங் காலமானார். பொறுப்பு ஜான் கோல்டிங்ஹாமிடம் வந்தது.

இந்தக் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வு நிலையத்தின் வானியல் அறிஞர். நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பவர். அவரிடம் படித்த பையன்கள் செயினும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு வெயிலில் போனார்கள். அந்தப் பள்ளியிலிருந்து போன ஜோஷுவா டி பென்னிங், 1802-இல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையில் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். உலகமே வியந்த அந்த அளவையில் நம் பள்ளிப் பையனின் கையும் உண்டு.

சர்வே பள்ளியை நடத்திய கோல்டிங்ஹாம் இன்னும் இரண்டு காரியம் செய்தார். முதலாவது உங்களில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்த ஒன்று. அண்ணா சாலைப் பக்கம் வெள்ளை வெளேரென்று உயரமான படிக்கட்டுகளோடு நிற்கும் ராஜாஜி ஹால். 1802-இல் விருந்து மண்டபமாகக் கட்டி முடிக்கப்பட்ட அதற்கு வரைபடம் போட்டவர் இவரே. இரண்டாவது, ஒலியின் வேகத்தை அளந்தது.

கோட்டையிலும் பரங்கிமலையிலும் அந்தக் காலத்தில் நேரம் அறிவிக்கப் பீரங்கி சுடுவார்கள். ஊர் ஜனங்களுக்கு அது மணி. கோல்டிங்ஹாமுக்கு அது சோதனைச் சாதனம்! வெடிக்கும்போது தெரியும் வெளிச்சம் கண்ணுக்கு உடனே வந்துவிடும். சத்தம் மெதுவாக வரும். இரண்டுக்கும் இடையிலான விநாடிகளை எண்ணி, தூரத்தை அதனால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். நுங்கம்பாக்கத்திலிருந்து பரங்கிமலை சுமார் 9 கி.மீ.; சத்தம் வந்து சேர ஏறக்குறைய 26 விநாடி. கோட்டை சுமார் 4 கி.மீ.; அதற்கு 12 விநாடிதான். 1820, 1821-ஆம் ஆண்டுகளில் நாள் தவறாமல் இதைக் குறித்தார்கள். வெப்பம், ஈரம், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதினார்கள். வெயில் காலத்தில் சத்தம் வேகமாக வருவது மாதவாரிக் கணக்கில் தெரிந்தது. 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரே மனிதரிடம் ஆராய்ச்சி, போதனை, படைப்பு மூன்றும் இருந்தன. நம் கல்லூரியின் தொடக்கமே அப்படி.

மகளைச் சேர்த்த பேராசிரியர்

அடுத்து 1940-க்கு வருவோம். பப்பு சுப்பாராவ் நம் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். ஏழு பிள்ளைகள் உள்ள தெலுங்குக் குடும்பம். அவருடைய மகள் லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கையில் பெண் குழந்தை. குழந்தை பிறந்து நாலு மாதத்தில், 1937-இல், கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன வாழ்க்கை மிச்சம் இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

சுப்பாராவ் மகளைப் படிக்க வைத்தார். இன்ஜினீயரிங் படிக்கிறேன் என்று அவர் சொன்னபோது, அதுவரை ஒரு பெண்கூடக் காலடி வைக்காத தன் கல்லூரியிலேயே சேர்க்க முன்வந்தார். முதல்வர் கே.சி. சாக்கோவும் பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதமும் சம்மதித்தார்கள். 1940-இல் லலிதா எலெக்ட்ரிக்கல் வகுப்பில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண். தனியாக இருக்கிறாரே என்று மேலும் பெண்களைச் சேர்க்க முயற்சி நடந்தது. அடுத்த ஆண்டு லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரண்டு கேரளத்துப் பெண்கள் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலம் என்பதால் படிப்பின் கடைசி மாதங்கள் குறைக்கப்பட, மூவரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்சுக்கட்டையே ஆண்பாலில்தான் இருந்தது!

லலிதா பின்னர் பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியில் இருந்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவின் கதை இப்போது ஓரளவு பரவிவிட்டது, பத்திரிகைகளில் வருகிறது.

நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி. சுப்பாராவ் வீட்டில் ஆராய்ச்சி செய்கிற மனிதர். புகையில்லாத அடுப்பு, மின்சாரத்தால் சுடர் உண்டாக்கும் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக 'ஜெலக்ட்ரோமோனியம்' என்று ஒரு மின் இசைக் கருவி! இவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். சிம்லாவில் வேலை பார்த்துத் திரும்பிய லலிதா சில காலம் அப்பாவுக்கு இந்த வேலைகளில் துணையாக இருந்தார். காலையில் டிரான்ஸ்ஃபார்மர் நடத்திவிட்டு மாலையில் வாத்தியம் செய்த ஒரு பேராசிரியர் நம் கல்லூரியில் இருந்திருக்கிறார். நாம் நாலு வருஷம் படித்தோமே, நம்மில் எத்தனை பேருக்கு அந்த வாத்தியத்தின் பெயர் தெரியும்?

ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பெயர்

நான் 2006-இல் சேர்ந்து 2010-இல் வெளியே வந்த சிவில் மாணவன். இப்போது ஆற்று வெள்ளக் கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. எங்கள் துறைக்கு வேதம் மாதிரி ஒரு புத்தகம் உண்டு. வென் தே சௌ, மெய்ட்மென்ட், மேஸ் மூவரும் எழுதி 1988-இல் வந்த 'அப்ளைட் ஹைட்ராலஜி'. அதன் ஏழாம் அத்தியாயம் யூனிட் ஹைட்ரோகிராஃப் பற்றியது. அதன் தொடக்கப் பகுதியிலேயே 'சௌ, குழந்தைசாமி, 1971' என்று அடைப்புக்குள் வரும். உலகத்தில் எந்த நாட்டில் நீரியல் படிக்கிற பையனும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் குழந்தைசாமி நம் கல்லூரியின் நீரியல் பேராசிரியர் வா.செ. குழந்தைசாமிதான். கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையம் என்ற கிராமத்தில் 1929-இல் பிறந்தவர்.

அவர் செய்தது என்ன? மற்ற பிராஞ்ச் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மழை பெய்கிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடும். மிச்சம் வாய்க்காலாக ஓடி ஆற்றில் சேரும். எவ்வளவு சேரும், எத்தனை மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும் என்பதுதான் கேள்வி. இதைக் கணக்குப் போட, நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரு ஏரி மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஏரியில் தேங்கி நிற்கும் நீர் கூடக் கூட, வெளியேறும் நீரும் அதே விகிதத்தில் கூடும் என்பது எளிய கணக்கு. நிஜமான ஆறு அவ்வளவு சாது இல்லை. வெள்ளம் ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். தேங்கும் நீர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும் பொறுத்ததல்ல. அவை மாறும் வேகத்தையும், அந்த வேகம் மாறுகிற வேகத்தையும் பொறுத்தது என்று ஒரு பொதுச் சமன்பாட்டை அமைத்தார்கள். அதற்கு முன்பு வந்த பல முறைகள் அந்தப் பெரிய சமன்பாட்டின் சின்னச் சின்னக் கிளைகளாக அடங்கிவிட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964-இல் அவர் முடித்த ஆய்வேடு, 1971-இல் பேராசிரியர் சௌவோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, இவற்றின் சாரம் இதுதான்.

இந்தக் கணக்கு வெறும் பரீட்சைக் கணக்கு இல்லை என்பதைச் சென்னைவாசிகளுக்கு 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு சொல்லிக் கொடுத்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. வழியில் பெய்த மழையும் சேர்ந்துகொள்ள, விடிவதற்குள் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்துவிட்டது. எவ்வளவு மழை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெள்ளமாகும்? நம் கல்லூரிக்குப் பக்கத்தில் ஓடும் ஆறு கேட்ட கேள்வி அது. அதற்கு வழி சொல்லும் உலகக் கணக்குகளில் ஒன்றில் நம் ஆசிரியரின் பெயர் இருக்கிறது.

அதே மனிதர் 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை எழுதினார். 'மானுட யாத்திரை' என்று நெடுங்கவிதை. திருக்குறள் பற்றிய 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988-இல் சாகித்ய அகாதெமி விருது. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 உயிர்மெய் எழுத்துகளுக்கும் தனிக் குறி போட்டு எளிமையாக்கலாம் என்று எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஒரு திட்டமும் தந்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. எனக்கே அதில் முழுச் சம்மதம் இல்லை. பழகிய 'கு'வையும் 'மு'வையும் விட மனசு வருமா? ஆனால் ஒரு குழந்தை எழுத்து கற்க எத்தனை உருவங்களை மனப்பாடம் செய்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதை ஒரு டிசைன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது இன்ஜினீயர் புத்தி. 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிறகு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர். 2016 டிசம்பர் 10-ஆம் தேதி மறைந்தார். பத்திரிகைகள் துணைவேந்தர் என்று எழுதின, தமிழறிஞர் என்று எழுதின. ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மாநாடு போட்டு என்ன ஆகப் போகிறது?

இதைக் கேட்பவர்கள் உண்டு. "மாநாடுன்னா மாலை, பொன்னாடை, சாப்பாடு, அவ்வளவுதானே சார்?" என்பார்கள். பதிலுக்கு ஓர் உதாரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. முன்னின்று நடத்தியவர் மு. ஆனந்தகிருஷ்ணன். நம் கல்லூரியில் சிவில் படித்தவர், 1990 முதல் 1996 வரை நம் துணைவேந்தர், 2021-இல் மறைந்தார். அதுவரை கம்ப்யூட்டரில் தமிழ் என்றால் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த மாநாட்டில் பேராசிரியர்களும் மென்பொருள்காரர்களும் பல நாட்டுத் தமிழர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. இந்தக் கட்டுரையை நான் தட்டுவதும் அதில்தான். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற அறிவிப்பும் அந்த மேடையில்தான் வந்தது. 2001-இல் அது தொடங்கியபோது பொறுப்பேற்று வழி நடத்தியவர் அதே குழந்தைசாமி. ஆக, மாநாடு என்றால் சாப்பாடு மட்டும் இல்லை!

அமெரிக்காவில் எர்னஸ்ட் பாயர் என்ற கல்வியாளர் 1990-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கண்டுபிடிப்பது மட்டும் புலமை ஆகாது. பல துறைகளை இணைத்துப் பார்ப்பது, அறிவை நடைமுறைக்குக் கொண்டுவருவது, நன்றாகப் பாடம் நடத்துவது ஆகிய மூன்றும் புலமைதான் என்று வாதிட்டார். அங்கே பல கல்லூரிகள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் ஆசிரியர்களின் ஆய்வு, போதனை, படைப்பு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் கொண்டாடுகின்றன. இயற்பியல் பேராசிரியர் ஆய்வுரை வாசிப்பார். பக்கத்து அறையில் கணிதப் பேராசிரியர் வரைந்த ஓவியம் தொங்கும். பாடம் நடத்துவதில் புதுசாக ஒரு முறையைச் செய்து பார்த்தவர் அதைச் சக ஆசிரியர்களுக்கு விளக்குவார். மாணவர்களும் ஊர்க்காரர்களும் வந்து பார்ப்பார்கள்.

நம்மிடம் அதற்கு விஷயப் பஞ்சமா? ஓர் உதாரணம் போதும். நாங்கள் வெளியேறிய 2010-இல்தான் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கின. அந்த வகுப்புக்குள் முதல் நாள் நுழைந்த ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷம் இங்கிலீஷில் நடத்தியவர். இப்போது 'ஸ்ட்ரெஸ்' என்பதைத் 'தகைவு' என்றும் 'ஸ்ட்ரெயின்' என்பதைத் 'திரிபு' என்றும் சொல்லி, பையன் முகத்தில் புரிந்த களை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது ஒரு பெரிய போதனைப் பரிசோதனை. அதைச் செய்தவர்கள் என்ன கற்றார்கள், எந்தச் சொல் நிலைத்தது, எந்தச் சொல்லைப் பையன்களே ஒதுக்கினார்கள்? அவர்கள் வாயால் சொன்னால்தான் தெரியும்.

சங்கத்துக்கு என் கோரிக்கை

அடுத்த ரீயூனியனில் ஒரு முழு நாளை ஆசிரியர்களுக்கு ஒதுக்குவோம். மூன்று அமர்வுகள் போதும்.

முதல் அமர்வு ஆய்வு. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் ஆசிரியர் தன் வாழ்நாள் வேலையில் ஒன்றை, பிற துறைக்காரனுக்கும் புரிகிற மாதிரி இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஸ்லைடில் சமன்பாடு மூன்றுக்கு மேல் கூடாது!

இரண்டாவது போதனை. ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் தங்களுக்குப் பிடித்த பாடம் ஒன்றை மறுபடி நடத்தட்டும். நாம் பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுப்போம். சர்வே கேம்ப்பில் லெவலிங் கணக்கு மூடாமல் போனபோது, "கருவி பொய் சொல்லாது, மறுபடி போய்ப் பார்" என்று திருப்பி அனுப்பினாரே, அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

மூன்றாவது படைப்பு. கவிதை, வீணை, மரவேலை, தோட்டம், மொழிபெயர்ப்பு, எதுவானாலும் சரி. வகுப்பில் கண்டிப்பாக இருந்த பலர் வீட்டில் என்னவாக இருந்தார்கள் என்று தெரிந்தால் நாம் ஆச்சரியப்படுவோம்.

மூன்று அமர்வையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்துக் குறிப்புகள், சைக்ளோஸ்டைல் நோட்ஸ், சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஓரிடத்தில் வைக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. ஒரு பேட்ச் ஒரு வேளை விருந்துக்குக் கொடுக்கும் பணம்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு பேராசிரியர் வகுப்புக்கு வரும்போது கையில் காலிகோ பைண்டு செய்த தடிமனான நோட்டு இருக்கும். அதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்குகள். ஒவ்வொன்றும் அவர் வயலிலும் அணையிலும் நேரில் பார்த்ததிலிருந்து போட்டவை. அவர் காலமாகிச் சில மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் ஃப்ளாட்டுக்கு மாறுகிற சமயம். "அப்பா நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சு தம்பி, உங்களுக்கு வேணும்னு தெரியாமப் போச்சே" என்று அம்மா வருத்தப்பட்டார். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நோட்டின் மதிப்பு யார் சொல்லி அவர்களுக்குத் தெரியும்? நாம்தானே சொல்லியிருக்க வேண்டியவர்கள். முப்பது வருஷ வேலை கிலோ கணக்கில் போய்விட்டது.

கோல்டிங்ஹாமின் கட்டுரை ராயல் சொசைட்டி இதழில் இருப்பதால் இருநூறு ஆண்டு கழித்தும் படிக்கிறோம். குழந்தைசாமியின் பெயர் ஏழாம் அத்தியாயத்தில் பத்திரமாக இருக்கிறது. எல்லா ஆசிரியர்களுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. நன்றாகப் பாடம் நடத்தியவரின் வேலை அவருடைய மாணவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஞாபகத்துக்குச் சொந்தக்காரர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் நானும்தான்.

ஆகவே நண்பர்களே, ஒரு சின்ன வேலை. மலரை மூடி வைப்பதற்கு முன் உங்களுக்குப் பாடம் நடத்திய ஒருவரின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன நடத்தினார், எப்படி நடத்தினார், வகுப்புக்கு வெளியே என்ன செய்தார் என்று ஒரே ஒரு பக்கம் எழுதிச் சங்கத்துக்குக் கொடுங்கள். அவர் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மாநாட்டுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் நாளில் நம்மிடம் நூறு பக்கமாவது சேர்ந்திருக்க வேண்டும். முதல் பக்கத்தை, அந்தக் காலிகோ நோட்டுப் பேராசிரியரைப் பற்றி, நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி உங்கள் முறை.

வாழ்க நம் ஆசிரியர்கள்! வளர்க நம் கல்லூரி!